மேற்குப் பத்தொன்பதாம் தெரு

ஈரி நகரத்து டிசம்பர் மூன்று மணிக்கே மங்கிவிடும்.
ஏரியிலிருந்து பனி பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது.
வேலைச் சீட்டில் ஒரே வரி:
மொராஸ்கி, மேற்குப் பத்தொன்பதாம் தெரு,
நூற்றறுபது சேனலிலிருந்து இருபத்திரண்டுக்கு இறக்கம்.
அதன் கீழே சிவப்பு மையில் மேலாளர்:
கம்பத்தில் ஏறுமுன் ஒரு பேச்சு பேசிப் பார்.

அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.
மூன்று மாதம் பாதி விலை,
நான்காம் மாதம் முழு விலையும் அதற்கு மேலே கொஞ்சமும்.

கதவைத் திறந்தவள் கிளெண்டா.
மருத்துவமனைச் சலவைக்கூடத்துச் சீருடை,
காலில் கணவனின் கம்பளிக் காலுறை.
நான் வாய் திறக்குமுன்
ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பில்லைப் பிய்த்து நீட்டினாள்.
நூற்று நாற்பத்தொன்பது டாலர் எழுபது சென்ட்.
பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தாள்:
பெட்டி வாடகை.
இன்னொரு பெட்டி வாடகை, அந்தப் பெட்டியோ
நிலவறையில் பெயின்ட் டப்பாக்களோடு கிடக்கிறது.
விளையாட்டுக் கட்டணம்.
ஒளிபரப்புக் கட்டணம்.
"அது காத்துலதானே வருது.
காத்துக்கு எப்படி பில் போடுறீங்க?"

மனப்பாடத்தை விழுங்கினேன்.

கூடத்துச் சுவர் முழுக்க நீல டேப் துண்டுகள்.
காலண்டர் அட்டை கனமே உள்ள ஆன்டெனாவை
ஒரு வாரமாக இடம் மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறாள்.
ஒவ்வொரு டேப்பிலும் ஒரு குறிப்பு:
நாலு வரும்.
ஆறு வரும், சத்தம் மட்டும்.
இங்கே ஒன்றுமில்லை, ராய்ஸ் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாது.

ராய்ஸ் சாய்வு நாற்காலியில்,
அறுவை செய்த முழங்காலைத் தலையணைமேல் வைத்து,
நாடிழந்த ராஜா செங்கோலை வைத்திருப்பதுபோல்
பழைய ரிமோட்டைப் பிடித்திருந்தார்.
திரையில் கால்பந்து, கடைசிக் கட்டம்.
படம் சதுரம் சதுரமாக உடைந்து
ஆட்டக்காரனின் பாதம் ஓரிடத்தில்,
முழங்கால் வேறிடத்தில்.
ராய்ஸ் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

கம்பி எங்கே நுழைகிறதென்று பார்க்கக் கூடத்தைக் கடந்தேன்.
படம் சட்டென்று கூடியது. புல்லின் நுனிகூடத் தெரிந்தது.
"நகராதே!"
இரண்டு பேரும் ஒரே குரலில்.

மேசை விளக்குக்கும் சுவருக்கும் நடுவே
வலது கையைப் பாதி தூக்கியபடி நின்றேன்.
"நாலே நிமிஷம்தான் பாக்கி" என்றார் ராய்ஸ்.
அந்த ஆட்டத்தில் நாலு நிமிஷம் என்றால் அரை மணி நேரம்.
இடது கையில் கிளெண்டா காப்பி கொடுத்தாள்.
சட்டைப்பையில் மேலாளர் இரண்டு முறை அதிர்ந்தார்.

கடைசி உதை கம்பத்தில் பட்டு வெளியே போனது.
வீட்டில் யாரும் பேசவில்லை.
பிறகு ராய்ஸ்:
"போன வருஷம் காசு குடுத்துத் தோத்தோம்.
இது பரவாயில்லை."

கையை இறக்கினேன். திரை மறுபடி உடைந்தது.
மேசை விளக்கை அணைத்தேன்.
படம் கூடிவிட்டது, நான் எங்கே நின்றாலும்.
மலிவான பல்பு, இரைச்சல் அதிலிருந்துதான்.
இவ்வளவு நேரம் என் வயிறு அதை மறைத்திருக்கிறது.
இரண்டாம் நிமிஷமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
ஆனால் காப்பி சூடாக இருந்தது,
ஆட்டமும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"மாடியில் தெற்கு ஜன்னலில் ஒட்டுங்க,
கோபுரமெல்லாம் அந்தக் குன்றுமேலதான்" என்றேன்.
எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்லக் கூடாது.

நான் கம்பத்தில் ஏறியபோது
சமையலறை மேசையில் அவள் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அடிப்படை கேபிள் இருபத்தாறு நாற்பது போக
மிச்சம் நூற்றிருபத்துமூன்று முப்பது.
இறங்கிக் கையெழுத்து வாங்கப் போனபோது பார்த்தேன்,
பக்கத்தில் கொதிகலன் என்று எழுதி, அடித்து,
பல் என்று எழுதியிருந்தாள்.

வண்டியில் படிவம்.
பேச்சு பேசினாயா? பேசினேன்.
வாடிக்கையாளர் மனம் மாறினாரா? இல்லை.
தாமதத்தின் காரணம்?
பனி என்று எழுதினேன்.
பொய்யில்லை.
பெய்துகொண்டுதான் இருந்தது.